கணக்கில் வராத ஆமைகள்

கடலாமை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வெதுவெதுப்பான மணலும், ராத்திரியும், குழி நிறைய முட்டையும்தான். சென்னைக் கடற்கரையில் வருஷா வருஷம் ஆமை நடை போகிற மாணவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆமை ஊர்வன இனம். ஊர்வனவுக்கு வெயில் வேண்டும். பனிக்காற்று அடிக்கிற வடகடலில் அதற்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைச் சாதாரண ஆட்கள் மட்டுமல்ல, விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டது தப்பில்லை. பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டதுதான் பிரச்சினை. "எப்போதாவது ஒன்று வழி தவறி வந்துவிடுகிறது" என்பதுதான் அந்தப் பதில். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி கனடாவின் கிழக்குக் கடலில் ஆமைகளுக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அந்தப் பதில் எப்படி வந்தது, அது எப்படி உடைந்தது என்பது ஒரு சுவாரசியமான கதை. அதில் ஹீரோ என்று ஒருவரைச் சொல்வதென்றால், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான மீனவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இடம். கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது மீட்ட உடல்களைக் கொண்டுவந்து புதைத்தார்களே, அந்த ஹாலிஃபாக்ஸ் நகரம்தான் அதன் தலைநகர். அதற்கும் வடகிழக்கே நியூஃபவுண்ட்லேண்ட் தீவு. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது இந்தத் தீவுக்குத் தெற்கே உள்ள கடலில்தான். எவ்வளவு குளிர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து, ஆமை. உலகில் கடலாமைகள் மொத்தம் ஏழு வகை. அதில் ஆறுக்கு முதுகில் ஓடு உண்டு. ஏழாவதான லெதர்பேக் ஆமைக்குக் கெட்டி ஓடு கிடையாது. அதற்குப் பதில் ரப்பர் மாதிரி தடித்த கருந்தோல், அதன் மேல் நீளவாக்கில் ஏழு வரிகள். ஏழுவரி ஆமை என்று தமிழில் ஒரு பெயர் இருப்பது அதனால்தான். ஆமைகளிலேயே பெரியதும் இதுதான். வளர்ந்த ஆமை 300, 400, 500 கிலோ என்று போகும். ஓர் எருமையின் எடை!

இவ்வளவு பெரிய பிராணி கண்ணில் படாமல் எப்படிப் போனது?

கண்ணில் படாமல் போகவில்லை. எண்ணப்படாமல் போனது. இரண்டும் வேறு வேறு. கரையில் செத்து ஒதுங்கியது, வலையில் மாட்டித் துறைமுகத்துக்கு வந்தது, அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுத்தில் ஏறியவை மட்டும்தான் பதிவு. ஒரு கடைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று எண்ணாமல், கடைக்குள் மயக்கம் போட்டு விழுந்தவர்களை மட்டும் எண்ணி "வருஷத்துக்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள்" என்று பேரேட்டில் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்தக் கணக்கு.

நடுக்கடலில் ஆமையைப் பார்த்தவர்கள் மீனவர்கள். கோடை முடியும் மாதங்களில் படகுக்குப் பக்கத்தில் பெரிய கறுப்புத் தலை ஒன்று எழும்பி, மூச்சு விட்டுவிட்டு மறுபடி முங்கும். அதைப் பார்த்தால் மீனவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். அங்கே அது விலை போகாத சரக்கு. விலை போகாத சரக்குக்குக் கணக்கு எழுதும் வழக்கம் எந்த வியாபாரத்திலும் இல்லை. கேட்கவும் யாரும் வரவில்லை.

முதன்முதலில் இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஷெர்மன் பிளீக்னி. நோவா ஸ்கோஷியாவில் உள்ள அகேடியா பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர். நியூ இங்கிலாந்திலும் கிழக்குக் கனடாவிலும் கடலாமைகள் பற்றிக் கிடைத்த தகவல்களையெல்லாம் திரட்டி 1965-ல் ஒரு கட்டுரை எழுதினார். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஏழுவரி ஆமைகள் தாறுமாறாக வரவில்லை. கோடையில் வருகின்றன, இலையுதிர் காலத்தோடு காணாமல் போகின்றன, அடுத்த வருஷம் மறுபடி அதே பருவத்தில் வருகின்றன. வழி தவறுகிறவன் வருஷா வருஷம் ஒரே மாதத்திலா வழி தவறுவான்? அறுத்துப் பார்த்த ஆமையின் வயிற்றில் வடகடலின் ஜெல்லி மீன் இருந்ததையும் அவர் குறித்தார். வழி தெரியாமல் குளிரில் செத்துக்கொண்டிருக்கும் பிராணி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டா இருக்கும்?

ஆனால் ஒரே ஒரு கட்டுரை ஊர் நம்பிக்கையை மாற்றிவிடாது. "குளிர் ரத்தப் பிராணி குளிர்கடலில் எப்படி உயிரோடு இருக்கும்?" என்ற ஆட்சேபம் அப்படியே நின்றது.

அதற்குப் பதில் 1972-ல் வந்தது. வெய்ன் ஃப்ரேர், ராபர்ட் ஆக்மன், நிக்கோலஸ் மிரோசோவ்ஸ்கி என்ற மூன்று பேர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்ந்த நீரிலிருந்து ஒரு சூடான ஆமை என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். தண்ணீரின் வெப்பம் 7.5 டிகிரி செல்சியஸ். அதில் இருந்த ஆமையின் உடம்புக்குள் 25.5 டிகிரி. முழுசாக 18 டிகிரி வித்தியாசம்! சாதாரண ஆமைக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் இருக்கும். (இந்த ஆக்மன் ஹாலிஃபாக்ஸில் மீன் எண்ணெய் ஆராய்ந்தவர். இன்றைக்கு மருந்துக்கடையில் ஒமேகா-3 மாத்திரை வாங்குகிறவர்கள் அவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.)

எப்படிச் சாத்தியம்? மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, உருவம். கல்யாண வீட்டில் அண்டாவில் வடித்த சோறு பந்தி முடியும் வரை சூடாகவே இருக்கும். அதையே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். உருவம் பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் அது வெளியே போகிற பரப்பு குறைவு. 400 கிலோ ஆமை ஒரு அண்டா. 1990-ல் 'நேச்சர்' இதழில் ஃபிராங்க் பலடீனோ குழுவினர் இதற்கு ஜைகான்டோதெர்மி என்று பெயர் வைத்தார்கள், அதாவது பேருருவத்தால் காக்கப்படும் சூடு. டைனோசர்களும் இப்படித்தான் சமாளித்திருக்கலாம் என்று அதே கட்டுரையில் சொன்னார்கள். இரண்டாவது, தோலுக்கு அடியில் எண்ணெய் ஊறிய தடித்த கொழுப்பு. ஸ்வெட்டர் மாதிரி. மூன்றாவதுதான் அழகு. துடுப்புகளின் அடியில் சூடான ரத்தம் கொண்டுபோகும் தமனிகளும் குளிர்ந்த ரத்தம் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்துக்குச் சூட்டைக் கைமாற்றிவிட்டுப் போகிறது. துடுப்பு குளிர்ந்தாலும் உடம்பு குளிராது. இதை 1973-ல் உடற்கூறு பார்த்து நிரூபித்தார்கள்.

ஆக, குளிர்கடலில் வாழ முடியும் என்பது தெளிவாகிவிட்டது. எத்தனை வாழ்கின்றன, எங்கே, எதற்காக என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கனடாவில் அழியும் நிலை உயிரினங்களை மதிப்பிடும் குழு 1981-லேயே ஏழுவரி ஆமையை அழியும் நிலையில் உள்ளது என்று அறிவித்துவிட்டது. வேடிக்கை பாருங்கள். ஆபத்தில் இருக்கிறது என்று முத்திரை குத்தியாயிற்று. ஆனால் அது கனடாவின் பிரஜையா, வழிப்போக்கனா என்று முடிவாகவில்லை.

நியூஃபவுண்ட்லேண்டில் ஜான் லீன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மீன் வலைகளில் மாட்டிக்கொள்ளும் திமிங்கிலங்களை உயிரோடு விடுவிப்பதில் பேர் போனவர். வலையில் ஏதாவது பெரிசாக மாட்டினால் மீனவர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அவர் வந்தால் திமிங்கிலமும் பிழைக்கும், வலையும் பிழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த போன்களில் ஆமைகளும் வந்தன. 1976 முதல் 1985 வரை அந்தத் தீவையும் லாப்ரடார் கரையையும் சுற்றி 20 ஏழுவரி ஆமைகள் பற்றிய விவரத்தை அவரும் கிரெகரி காஃபும் 1988-ல் வெளியிட்டார்கள். இருபது என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற ஆளிடம் கேட்டால் கணக்கு வரும் என்பதற்கு இது முதல் அடையாளம்.

அதே 1988 செப்டம்பரில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் கடற்கரையில் ஒரு ஆண் ஏழுவரி ஆமை செத்து ஒதுங்கியது. எடை 916 கிலோ. நீளம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். இதுவரை பதிவானவற்றில் இதைவிடப் பெரிய ஆமை இல்லை. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்திருந்தது. (ஆமை மூழ்கிச் சாகுமா என்று கேட்காதீர்கள். அதற்கும் நுரையீரல்தான், செவுள் இல்லை.) கார்டிஃபில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. உலகத்தின் மிகப் பெரிய ஆமை வெப்பக்கடலில் இல்லாமல் வேல்ஸ் கரையில் கிடைத்தது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கயிறு பிறகு மறுபடியும் வரும்.

இப்போது 1992. ஆமைக்கும் இந்த வருஷத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் புரியாது. நியூஃபவுண்ட்லேண்டின் உயிர்நாடி காட் மீன். ஐந்நூறு வருஷமாகப் பிடித்த மீன். அது தீர்ந்துபோய்விட்டது. 1992 ஜூலை 2-ந் தேதி கனடா அரசு வடபகுதி காட் மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. கிட்டத்தட்ட 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அடுத்த வருஷம் நோவா ஸ்கோஷியாவின் கிழக்குக் கடலிலும் காட் பிடிப்பு நின்றது. மீன் ஏராளமாக இருக்கிறது என்று சொன்னது அரசாங்க விஞ்ஞானிகளின் கணக்கு. இல்லை, குறைகிறது என்று முன்கூட்டியே சொன்னவர்களில் கரையோரச் சிறு மீனவர்களும் உண்டு. கணக்கு தப்பியது, தண்டனை மீனவருக்கு. அதற்குப் பிறகு விஞ்ஞானி என்று ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு படகுத்துறைக்கு வந்தால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சூழ்நிலையில்தான் 1997-ல் மைக் ஜேம்ஸ் என்ற இளைஞர் துறை துறையாகப் போக ஆரம்பித்தார். பிளீக்னி இருந்த அதே அகேடியா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்தவர். அவரும் மீனவர்களும் கேத்லீன் மார்ட்டின் போன்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய குழுவின் பெயர் நோவா ஸ்கோஷியா லெதர்பேக் ஆமைப் பணிக்குழு. பின்னாளில் அது கனடியக் கடலாமை வலையமைப்பு என்று பெயர் மாறியது.

அவர்களிடம் இருந்த கருவி என்ன தெரியுமா? ஒரு போஸ்டர். ஏழுவரி ஆமையின் படம், இதைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி, கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண். படகுத்துறைகளிலும் மீனவர்கள் கூடும் இடங்களிலும் ஒட்டினார்கள். அதோடு விடாமல் நேரில் போய் நின்று பேசினார்கள்.

போன்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. 1998 முதல் 2005 வரை இடக்குறிப்போடு பதிவான ஏழுவரி ஆமைகள் 800-க்கும் மேல்! எப்போதாவது ஒன்று என்று சொன்ன கடலில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடலில் போகிற சுற்றுலாப் பயணி ஆமையைப் பார்த்தால் "அதோ அங்கே" என்பார். மீனவர் அப்படிச் சொல்லமாட்டார். படகில் இடம் காட்டும் கருவி இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, தண்ணீரின் வெப்பம் என்று எல்லாம் சொல்லுவார். அவருக்குப் பிழைப்பே அதுதானே. பல கோடி செலவழித்து விமானத்தில் பறந்து எண்ணினாலும் கிடைக்காத தகவல் ஒரு போஸ்டருக்குக் கிடைத்தது. போட்ட முதலுக்கு இவ்வளவு வரவு வந்த ஆராய்ச்சி அதிகம் இருக்காது.

கேட்ட முறையும் முக்கியம். நீ ஆமையைக் கொல்கிறாயா என்று கேட்டிருந்தால் ஒரு போன்கூட வந்திருக்காது. நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ஆமை எங்கே இருக்கிறது என்பதில் விஞ்ஞானிக்குத் தெரியாதது மீனவருக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு போனார்கள். காட் விவகாரத்துக்குப் பிறகு இப்படி ஒருவர் வந்து நின்றது அந்தக் கரைக்குப் புதுசு. சில மீனவர்கள் தகவல் சொல்வதோடு நிற்காமல், ஆராய்ச்சிப் படகுக்குத் தங்கள் படகையே கொடுத்து, ஆமையைத் தேடிப் பிடித்து எடை போட்டுத் திருப்பி விடுகிற வேலையிலும் இறங்கினார்கள். அரை டன் பிராணியை அலையில் ஆடுகிற படகுக்கு ஏற்றுவது புத்தகம் படித்து வருகிற வித்தை இல்லை.

அப்படிப் பிடித்த ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். 38 ஆமைகளின் பயணத்தை வைத்து மைக் ஜேம்ஸ், ஆண்ட்ரியா ஆட்டன்ஸ்மையர், ரான்சம் மையர்ஸ் மூவரும் 2005-ல் எழுதிய கட்டுரை பழைய நம்பிக்கையை மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்தது. (மையர்ஸ் யார் என்றால், காட் மீன் தீர்ந்ததற்கு இயற்கையைக் காரணம் காட்டாதீர்கள், அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம் என்று அரசாங்கத்தை எதிர்த்துப் பேசிய அதே விஞ்ஞானி.) ஆமைகள் கனடாவின் கடலடித் திட்டின் மேல் மாதக்கணக்கில் தங்குகின்றன. குளிர்காலத்துக்கு முன் தெற்கே போகின்றன. அடுத்த கோடையில் பல ஆமைகள் அதே பகுதிக்குத் திரும்பி வருகின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி!

எதற்காக? சாப்பாட்டுக்காக. வடகடலில் கோடையில் சிங்கப் பிடரி ஜெல்லி மீன்கள் பெருகும். நம் கடற்கரையில் சொறி என்பார்களே, அந்த வகையறாதான், ஆனால் குடை அளவுக்கு வளரும். ஜெல்லி மீனில் பெரும்பகுதி தண்ணீர். சத்து ரொம்பக் குறைவு. அதனால் அளவில் ஈடுகட்ட வேண்டும். ஆமையின் முதுகில் சிறிய கேமராவை ஒட்டிப் பார்த்த ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. ஒரு ஆமை நாளொன்றுக்குச் சராசரியாக 330 கிலோ ஜெல்லி மீன் தின்கிறது. அதன் உடல் எடையில் 73 சதவீதம். 60 கிலோ ஆள் தினமும் 44 கிலோ சாப்பிடுவதற்குச் சமம். ஹாஸ்டல் மெஸ்ஸில் யாராவது இப்படிச் சாப்பிட்டால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான்.

அதன் பலன் உடம்பில் தெரிகிறது. முட்டையிடும் கரையில் எடை போட்ட ஆமையையும் கனடாவில் எடை போட்ட, அதே நீளமுள்ள ஆமையையும் ஒப்பிட்டால் கனடா ஆமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை. அந்தக் கொழுப்பை மூலதனமாக வைத்துத்தான் திரும்பிப் போய் முட்டையிடுகிறது. வெப்பநாட்டுக் கரையில் பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பின்னால் ஒரு குளிர்கடல் சாப்பாடு இருக்கிறது. வழி தவறிய விருந்தாளி என்று நினைத்தது, வீட்டு மளிகைக்கடைக்கு வந்த ஆள்.

இங்கேதான் கயிறு வருகிறது. அதுவரை ஏழுவரி ஆமையைக் காப்பாற்றுவது என்றால் இரண்டு விஷயம்தான் பேசுவார்கள். ஒன்று, முட்டையிடும் கரை. இன்னொன்று, நடுக்கடலில் வாள்மீனுக்கும் சூரை மீனுக்கும் போடுகிற மைல் கணக்கான நெடுந்தூண்டில். ஆமை எப்போதாவதுதான் வரும் என்று நினைத்த வடக்குக் கரையோரத்தில் ஆபத்து இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அங்கே சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கடலடியில் கூடு வைக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டுவரிசைக்கும் அடியிலிருந்து மேலே மிதவை வரை ஒரு செங்குத்துக் கயிறு. நீளமான முன் துடுப்பு அதில் ஒரு சுற்று மாட்டினால் போதும். ஆமை திமிறும். திமிறத் திமிறக் கயிறு இறுகும். 1998 முதல் 2014 வரை கிழக்குக் கனடாவில் இப்படிச் சிக்கியதாகப் பதிவானவை 200-க்கும் மேல். இதையும் சொன்னது யார்? கயிறு போட்ட மீனவர்களேதான். அவற்றில் பெரும்பாலானவை பார்த்தபோது உயிரோடு இருந்தன. விடுவிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பிழைக்கும் என்று அர்த்தம்.

அதனால் விழிப்புணர்வு என்பது அங்கே வெறும் கோஷமாக இல்லாமல் கைவேலைப் பாடமாக மாறியது. கயிற்றை வெட்டி ஆமையைத் துரத்திவிட்டால் போதாது. உடம்பில் சுற்றிய மிச்சத்தையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே பிறகு துடுப்பை அறுக்கும். துடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. இந்த மாதிரி. 2003-ல் கனடாவின் அழியும் நிலை உயிரினச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏழுவரி ஆமை அதன் பட்டியலில் இருந்தது. ஆனால் நடுக்கடலில் போலீஸ் கிடையாது. கத்தியும் கயிறும் கையில் இருக்கிறவர் மனசு வைத்தால்தான் சட்டம்.

இன்னொரு ஆபத்து பிளாஸ்டிக். 1972-ல் சூடான ஆமையைப் பற்றி எழுதிய மிரோசோவ்ஸ்கி, 37 வருஷம் கழித்து மைக் ஜேம்ஸுடன் சேர்ந்து மறுபடி வந்தார். 1885 தொடங்கி உலகெங்கும் அறுத்துப் பார்த்த ஏழுவரி ஆமைகளின் பதிவுகளைத் தேடிப் பிடித்தார்கள். 408 ஆமைகள். 34 சதவீதத்தின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக். தண்ணீரில் மிதக்கிற கேரி பேக்குக்கும் ஜெல்லி மீனுக்கும் ஆமைக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

குளிர்கடல் ஆமை என்றால் ஏழுவரி மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நோவா ஸ்கோஷியாவிலிருந்து தென்மேற்கே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் கேப் காட் என்று ஒரு நிலத்துண்டு, மடக்கிய கை மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே கோடையில் வருபவை கெம்ப்ஸ் ரிட்லி ஆமைக் குட்டிகள். உலகின் கடலாமைகளிலேயே மிகவும் அழிவுக்கு அருகில் உள்ள வகை. இவற்றுக்கு அண்டா உடம்பும் கிடையாது, ஸ்வெட்டரும் கிடையாது. இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்ப நினைத்தால் அந்த மடக்கிய கை வழியை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் உடம்பு விறைத்து, நீந்த முடியாமல் மிதந்து, காற்றோடு கரைக்கு வருகின்றன.

1974-ல் ராபர்ட் பிரெஸ்காட் என்பவர் அப்படி ஒரு ஆமையைக் கண்டெடுத்தது முதல் அங்கே தேடுதல் தொடங்கி வளர்ந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அலை ஏறி இறங்கும் நேரம் பார்த்து, நடுராத்திரி ஆனாலும், பனி கொட்டினாலும், தன்னார்வலர்கள் டார்ச் விளக்கோடு கரையில் நடக்கிறார்கள். அதுவும் ஒரு ஆமை நடைதான். முட்டை தேடுவதற்குப் பதில் விறைத்த உடம்பைத் தேடுகிறார்கள். 2014-ல் ஒரே பருவத்தில் 1,200-க்கும் மேல் கிடைத்தன. பொதுமக்களுக்குச் சொல்லித்தந்த பாடம் கேட்க விசித்திரமாக இருக்கும். ஆமையைத் திரும்பக் கடலில் விடாதீர்கள். சூடான அறைக்குள் கொண்டு போகாதீர்கள். அலை எட்டாத மேட்டுக்கு நகர்த்தி, காய்ந்த கடற்பாசியால் மூடி, பக்கத்தில் அடையாளத்துக்கு ஏதாவது நட்டுவிட்டு போன் செய்யுங்கள். காரணம், சட்டென்று சூடேற்றினால் ஆமை செத்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குச் சுமார் மூன்று டிகிரி என்று மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப்போய் ஹீட்டர் பக்கத்தில் வைப்பவர் அதைக் கொன்றுவிடுவார்.

மறுபடி ஏழுவரிக்கு வருவோம். கனடாவில் மேயும் ஆமைகள் எங்கே பிறந்தவை என்பதை மரபணுவையும் துடுப்பில் மாட்டிய எண் தகட்டையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலானவை டிரினிடாட், பிரெஞ்சு கயானா கரைகளைச் சேர்ந்தவை. டிரினிடாடின் மட்டுரா கடற்கரையில் ஒரு காலத்தில் ஆமை ஏறி வந்தால் கறிக்கு வெட்டுவார்கள். 1990-ல் அந்தக் கரைக்குப் பாதுகாப்பு வந்தது. அந்த ஊர்க்காரர்களே நேச்சர் சீக்கர்ஸ் என்று குழு அமைத்து ராத்திரிக் காவல் நடக்க ஆரம்பித்தார்கள். வடக்கே மீனவர், தெற்கே ஊர்க்காரர். இருவரும் காவல் காப்பது ஒரே ஆமையைத்தான் என்பது அந்த எண் தகட்டால்தான் தெரிந்தது.

ஆனால் டிரினிடாடின் கரையோரக் கடலில் போடும் செவுள் வலைகளில் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட ஏழுவரி ஆமைகள் சிக்குகின்றன என்று 2006-ல் ஒரு மதிப்பீடு வந்தது. இந்த வடமேற்கு அட்லாண்டிக் கூட்டத்தை 2013-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டபோது கவலைப்பட அதிகம் இல்லை என்ற வகையில் வைத்தது. ஆறே வருஷம். 2019-ல் அதே ஒன்றியம் அதே கூட்டத்தை அழியும் நிலை என்ற வகைக்கு மாற்றியது. முட்டையிட வரும் தாய் ஆமைகள் கரைக்குக் கரை குறைந்துகொண்டு வந்ததுதான் காரணம்.

கரையில் எண்ணுவது முட்டையிட வரும் பெண் ஆமைகளை மட்டும்தான். ஆண் ஆமை பொரித்துக் கடலுக்குள் போனால் அநேகமாகத் திரும்ப மண்ணை மிதிப்பதே இல்லை. வளரும் பருவத்து ஆமைகளும் அப்படியே. ஆணும் பெண்ணும் இளசும் சேர்ந்து மேய்கிற இடத்தில் எண்ண வேண்டுமானால் குளிர்கடலுக்குத்தான் போக வேண்டும். ஏழுவரி ஆமையின் உச்சந்தலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். ஒரு ஆமைக்கு இருக்கிற மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. மூச்சு விடத் தலை தூக்கும் அந்தச் சில நொடிகளில், படகிலிருந்து ஒரு நல்ல போட்டோ கிடைத்தால் போதும். இது போன வருஷம் வந்த அதே ஆமையா, புதிதா என்று சொல்லிவிடலாம்.